கோபுரக் கம்பிக்குக் கீழே

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்து மூன்று வயது. இயற்பியலில் பட்டம் வாங்கியிருந்தேன். ஆசிரியர் வேலைக்குப் பதிந்து வைத்துவிட்டு, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடியில் இயங்கிய சின்னப் பதிப்பகத்துக்குப் படக்கதைகள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் வெளிநாட்டுக் கதைகள். படத்தைத் தொடக் கூடாது. பாத்திரங்களின் பேச்சு எழுதிய பலூனுக்குள் இருக்கும் ஆங்கிலத்தை எடுத்துவிட்டு அதே இடத்துக்குள் தமிழை அடக்க வேண்டும்.

அந்த மாதம் வந்த கதையில் ஒரு விண்கப்பல். எதிரிகள் கதிர்களைப் பாய்ச்சுகிறார்கள். கப்பலுக்கு ஒரு முழம் முன்னாலேயே கதிர்கள் எதிலோ மோதி நட்சத்திரங்களாகச் சிதறுகின்றன. கப்பல் தலைவன் அலட்டிக்கொள்ளாமல், ‘ஃபோர்ஸ் ஃபீல்டு’ இருக்கும்வரை நம்மை யாரும் நெருங்க முடியாது என்கிறான்.

அந்தச் சொல்லில் மூன்று நாள் நின்றுவிட்டேன். கல்லூரியில் நாங்கள் படித்த பெயர் விசைப்புலம். காகிதத்துக்கு அடியில் காந்தத்தை வைத்து மேலே இரும்புத் தூளைத் தூவினால் வளைவு வளைவாகக் கோடுகள் வருமே, அது. ஆனால் பாடத்தில் இருந்த புலம் யாரையும் தடுத்து நிறுத்தவில்லை. ஒரு பொருளின் விசை எவ்வளவு தூரத்துக்கு உணரப்படுகிறதோ அந்த இடம் முழுவதும் புலம், அவ்வளவுதான். கதையில் அது சுவராக நின்றது. 

பதிப்பகத்தை நடத்தியவர் என் குழப்பத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

“அம்மணி, ஞாயித்துக்கிழமை காலைல டிவில பாக்கறமல்லங்க? ரெண்டு பேரு அம்பு விட்டா நடு வானத்துல முட்டி நிக்குது. ஒரு முனிவரு தண்ணியத் தெளிச்சு வட்டம் போட்டா அசுரன் உள்ள வர முடியறதில்ல. அதேதானுங்க இது. ‘மாயச்சுவர்’னு எழுதிப்போடுங்க. பலூனுக்குள்ள ஆறு எழுத்துக்கு மேல அடங்காது.”

எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். கணபதியில் அவர் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப்போட்டு, புதுக் கம்பியைச் சுற்றி உயிர் கொடுப்பதுதான் அவர் வேலை. ‘காயில் கட்டுவது’ என்பார்கள். எட்டாவதுக்கு மேல் படிக்காதவர்.

“பொஸ்தகத்துல என்ன போட்டிருக்குதுன்னு எனக்குத் தெரியாது கண்ணு,” என்றார். “ஆனா ஒண்ணு. பெரிய மில்லு மொதலாளி ரூமு வாசல்ல போயி நின்னா, யாரும் தடுக்காமயே காலு தன்னால நிக்குது பாரு. அங்க கதவும் தொறந்துதான் கெடக்கும். அதுக்கு நீ என்ன பேரு வெப்பே?”

நான் சிரித்துவிட்டேன். அதற்கும் அதே பெயரை வைக்கலாம் என்று தோன்றியது. பெயர் மட்டும் பிடிபடவில்லை.

அந்த வாரத்தில்தான் காங்கேயத்துக்குத் தெற்கே தோட்டம் வைத்திருந்த ஒருவர் பட்டறைக்கு வந்தார். அவருடைய கிணற்று மோட்டார்களுக்கு அப்பாதான் வருடக்கணக்காகக் காயில் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊரில் அவரை எல்லோரும் பண்ணாடி என்று அழைப்பார்கள். தோட்டத்தை ஆள்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் மரியாதைப் பேச்சு. அன்றைக்கு அவர் கையில் மோட்டார் எதுவும் இல்லை. உட்காரச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

“மோட்டாரு இல்லீங்க, வேலிங்க,” என்றார்.

“வேலிக்கு என்னங்க?”

“கடிக்குதுங்க.”

மேய்ச்சல் நிலத்தை அங்கே காடு என்பார்கள். அவருடைய காட்டில் முன்பு கிளுவை முட்செடி வேலி இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டியிருந்தார். மாசி பிறந்ததிலிருந்து அந்தக் கம்பியைத் தொட்டால் சுளீர் என்று அடிக்கிறது. உள்ளூர் எலக்ட்ரீசியன் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்தார். டெஸ்டர் எரிந்தது. தோட்டத்து மின்சாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் எரிந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. ஒரு பசு உடம்பைத் தேய்க்கப் போய்த் துள்ளி விழுந்தது. அதன் பிறகு மாடுகள் அந்தக் காட்டுக்குள் போக மறுத்தன. புல்லறுக்க வரும் பெண்களும் வருவதில்லை.

“யாரோ காட்டுக்குக் கட்டுப் போட்டுட்டாங்கன்னு பேசிக்கறாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லீங்க. ஆனா நானே தொட்டுப் பாத்தனே, அதுதானுங்க...”

மந்திரத்தால் ஓர் இடத்தை அடைத்துவிடுவதைக் கட்டு என்பார்கள். அப்பா தன் கையிலிருந்த செம்புக் கம்பியைப் பார்த்தார்.

“கட்டுன்னா என்றகிட்டத்தானுங்க வரோணும். நாளைக்கு வாரனுங்க.”

நானும் வருகிறேன் என்றேன். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் ஏறினோம். அப்பாவின் பையில் மின்கசிவு பார்க்கும் மெகர், ஸ்பானர்கள், கொஞ்சம் இரும்புக் கம்பி. என் பையில் மொழிபெயர்க்க வேண்டிய பக்கங்கள்.

தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே காரணம் எங்கள் தலைக்கு மேலே தெரிந்தது. தூரத்து மேட்டிலிருந்து வரிசையாக இரும்புக் கோபுரங்கள் இறங்கி வந்து, மேய்ச்சல் காட்டை நடுவே கடந்து, மறுபக்கத்து மேட்டில் ஏறிப் போயின. கம்பிகள் ஒவ்வொன்றும் என் கைத் தடிமன் இருக்கும் போலிருந்தது. அடியில் நின்றால் மெல்லிய இரைச்சல், எங்கோ எண்ணெய் காய்வது மாதிரி. கோபுரம் நட்டு ஒரு வருடம் கம்பிகள் வெறுமனே தொங்கினவாம். பிறகு எப்போதோ ஒரு நாள் லட்சக்கணக்கான வோல்ட் மின்சாரத்தை விட்டிருக்கிறார்கள். காட்டில் இருந்தவர்களுக்கு அது தெரியாது.

“கம்பி எங்கியோ மேல போவுதுங்க. வேலி கீழ இருக்குது. ரெண்டுக்கும் ஒட்டே இல்லியே?” என்றார் பண்ணாடி.

அப்பா டெஸ்டரை முள்கம்பியில் வைத்தார். அதன் வயிற்றுக்குள் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. வேலியோரமாக நடந்து கல்லுக்கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

பட்டதாரியான நான் அப்போது ஒரு சமன்பாட்டை நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன். அது தேர்வில் எட்டு மதிப்பெண் வாங்கித் தந்த சமன்பாடு. இந்த வெயிலில், இந்த வேலியில், ஒரு பசுவைத் தூக்கி எறியக்கூடிய சமாசாரமாக அதை நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

காட்டுக்குள் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் வளர்ந்து நின்றது. அதற்குள் அங்கங்கே வெள்ளைக் கற்கள் கிடந்தன. வெங்கச்சங்கல் என்று சொல்கிற பளிங்குக் கற்கள்தான். ஆனால் தானாகக் கிடந்த மாதிரி இல்லை. நாலைந்து எட்டுக்கு ஒன்றாக, ஒரே வரிசையில் போய்க்கொண்டே இருந்தன.

“இது யாருங்க வெச்சது?” என்று கேட்டேன்.

பண்ணாடி சலித்துக்கொண்டார். “அது ஒரு பைத்தியக்காரத்தனமுங்க. நம்ம காட்டுல வேலை செய்யறவ. அவதான் மொதல்ல வந்து காட்டுக்குள்ள என்னமோ இருக்குதுன்னு சொன்னவ. அப்ப நான் காதுலயே வாங்கல.”

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த, உயரமான பெண். சேலையை இழுத்துச் செருகியிருந்தார். கையில் அரிவாள். எங்களுக்குப் பத்தடி தள்ளி வந்து நின்றார். நான் அவரை நோக்கி இரண்டு எட்டு வைத்தேன். அவர் பண்ணாடியைப் பார்த்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போனார். அப்பா சொன்ன மில் முதலாளி அறை எனக்கு ஞாபகம் வந்தது. இந்த எல்லைக்கு யாரும் கல் வைக்க வேண்டியிருக்கவில்லை.

“அக்கா, இந்தக் கல்லெல்லாம் நீங்க வெச்சதுங்களா?”

“ஆமாங்க அம்மிணி.”

“எதுக்குங்க?”

அவர் தயங்கினார். “சொல்லு,” என்றார் பண்ணாடி.

“கல்லுக்கு உள்ள போனா ஒடம்புக்குத் தெரியுதுங்க. கை மசுரு எந்திரிச்சு நிக்கிது. மூஞ்சில நூலாம்படை ஒட்டுன மாதிரி இருக்குது. கல்லுக்கு வெளிய வந்தா இல்லீங்க. எங்க சனத்துல ஒரு புள்ள மாசமா இருக்குது. புல்லறுக்கறப்ப தெரியாம உள்ள போயிருமேன்னுதான் அடையாளத்துக்கு வெச்சனுங்க.”

“எல்லாத்தையும் நடந்து நடந்தா பாத்தீங்க?”

“வேற எப்புடீங்க பாக்கறது? காலைல பனியில நல்லாத் தெரியும். ஒரு வாரம் நடந்தனுங்க.” பிறகு என் காலைப் பார்த்தார். “செருப்போட உள்ள போயிப் பாருங்க அம்மிணி. பொறவு கழட்டிப்போட்டுப் பாருங்க.”

நான் ரப்பர் செருப்போடு கற்களைத் தாண்டி உள்ளே நடந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கம்பிகளுக்கு நேர் கீழே வந்ததும் கணுக்காலில் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன். எறும்பு இல்லை. புல் நுனி பட்ட இடத்தில்தான் குத்தியது. இன்னொரு புல், இன்னொரு சுருக். நான் நகர நகரக் காடு முழுவதும் என் காலைக் கிள்ளியது. செருப்பைக் கழற்றி மண்ணில் வெறுங்காலை ஊன்றினேன். எல்லாம் நின்றுபோயிற்று. அதே புல், அதே இடம். பஞ்சு மாதிரி இருந்தது.

உடம்பு சிலிர்த்துவிட்டது. அது மின்சாரத்தால் வந்த சிலிர்ப்பு அல்ல.

“அதனாலதானுங்க எங்க சனமெல்லாம் இங்க சாமி எறங்கிருக்குதுங்கறாங்க,” என்றார் அந்த அக்கா. “செருப்போட வாரவங்களை விடறதில்ல பாருங்க.”

“நீங்க என்ன நெனைக்கறீங்க?”

அவர் மேலே கம்பியைப் பார்த்தார். “சாமின்னா அதுக்கு நேரங்காலம் இருக்குமுங்க. இது எப்பவும் இருக்குது. கம்பி எங்க தாழ்ந்து தொங்குதோ அங்க சாஸ்தியா இருக்குது. கோபுரத்துக்கிட்டப் போனாக் கொறையுது. சாமிக்கு என்னத்துக்குங்க கம்பியோட சேந்து தொங்கோணும்?”

அப்போதுதான் நான் கற்களைச் சரியாகப் பார்த்தேன். பக்கத்து மேட்டில் ஏறி நின்று பார்த்தேன். ஒரு கோபுரத்தின் அடியில் இரண்டு வரிசைக் கற்களும் நெருங்கி இருந்தன. அங்கிருந்து விரிந்து விரிந்து, இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே கம்பி தரைக்கு மிக அருகில் தொங்குகிற இடத்தில் அகன்று, மறுபடி குறுகிக்கொண்டே அடுத்த கோபுரத்தை அடைந்தன. மேட்டிலிருந்து பார்க்கக் காட்டின் மேல் ஒரு பெரிய கண் வரைந்த மாதிரி இருந்தது.

எங்கள் கல்லூரிப் புத்தகத்தில் இந்தப் படம் இருந்தது. இரண்டு மின்னூட்டங்களைச் சுற்றி வளைந்த கோடுகள். யாரோ ஒரு மேதை மனதுக்குள் கண்டு வரைந்த படம் என்று நினைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்து வரைந்து பழகியிருந்தேன். இங்கே ஒரு பெண் கை மயிரையும் கன்னத்தையும் கருவியாக வைத்து, காட்டைத் தாளாக வைத்து, அதையே வரைந்து வைத்திருந்தார். மேட்டிலிருந்து இறங்க மனம் வரவில்லை. கண்ணில் நீர் வந்ததற்கு வெயிலைக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏனுங்கம்மா, மழ பேஞ்சப்ப வேலி கடிச்சுதுங்களா?”

“இல்லீங்க. ஐப்பசி மழையில கம்பியப் புடிச்சுட்டே நடந்திருக்கறனுங்க. காடு காயக் காயத்தான் கடிக்க ஆரம்பிச்சுது.”

அப்பா தலையாட்டினார். தேடி வந்தது கிடைத்துவிட்ட முகம். பண்ணாடியிடம் சொன்னார்: “மேல இருக்கற கம்பி, தொடாமயே கீழ இருக்கற கம்பியில கரண்டை ஏத்துதுங்க. மோட்டாருக்குள்ளயும் இப்படித்தான், ஒண்ணையொண்ணு தொடாமத்தான் சுத்துது. மழையில கல்லுக்காலு நனைஞ்சு அந்தக் கரண்டு மண்ணுக்குள்ள எறங்கிப்போச்சு. இப்ப கல்லு காஞ்சு கெடக்குது. எறங்க வழியில்லாம கம்பியிலயே நிக்கிது. நாம தொட்டா நம்ம வழியா எறங்குது. அவ்வளவுதானுங்க.”

பண்ணாடி கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. “தொடாம எப்புடீங்க ஏறும்?” என்றார் மறுபடியும்.

அப்பா சுற்றிலும் பார்த்தார். “மாட்டுக் கட்டுத்தரையில டியூப்லைட் இருக்குதுங்களா?”

“ஒண்ணு மாட்டியிருக்குது. ஒண்ணு பீஸ் போயி மூலைல கெடக்குது.”

“பீஸ் போனதையே கொண்டாங்க. சூரியன் எறங்கட்டும்.”

காத்திருந்தோம். டீ வந்தது. எங்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் வந்தது. அந்த அக்காவுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த அலுமினிய டம்ளரில் ஊற்றினார்கள். அவரே போய் எடுத்து, குடித்து, கழுவி, திரும்பவும் கவிழ்த்து வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் பார்த்தார். இருவரும் எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இருந்ததை நான் இன்றைக்கும் பெருமையாக நினைப்பதில்லை.

சூரியன் மேற்கு மேட்டுக்குப் பின்னால் போய், வானம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்த வேளையில் நாங்கள் காட்டுக்குள் போனோம். அப்பா எல்லோரையும் கோபுரத்துக்கும் வேலிக்கும் எட்ட நிற்கவைத்தார். டியூப்லைட்டைத் துணியால் துடைத்தார். ஓரங்களில் கருத்துப்போன பழைய குழாய்.

“தலைக்கு மேல யாரும் இதத் தூக்கக் கூடாது. நெஞ்சு ஒசரத்துலயே இருக்கோணும்,” என்று அழுத்திச் சொன்னார். பிறகு அந்தக் குழாயை அவர் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை, என்னிடமும் தரவில்லை. அந்த அக்காவிடம் நீட்டினார்.

“எடம் உங்களுக்குத்தானே தெரியும். நீங்களே கொண்டு போங்கம்மா.”

அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, குழாயின் ஒரு முனையைப் பிடித்தார். வெறுங்காலோடு கற்களைத் தாண்டி நடந்தார். பத்து எட்டு. பதினைந்து எட்டு. ஒன்றும் இல்லை. பண்ணாடி தொண்டையைச் செருமினார்.

இருபதாவது எட்டில் குழாய்க்குள் ஏதோ அசைந்தது. புகை மாதிரி ஒரு வெளுப்பு. அடுத்த எட்டில் அது தெளிந்தது. அதற்கடுத்த எட்டில் முழுக் குழாயும் எரிந்தது. வீட்டில் எரிகிற பளிச்சென்ற வெளிச்சம் இல்லை, நிலா வெளிச்சத்தைக் குழாயில் ஊற்றி அடைத்த மாதிரி. ஒயர் இல்லை, சோக் இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை. ஒரு பெண்ணின் கையில், நடுக்காட்டில், பீஸ் போன ஒரு டியூப்லைட் தானாக எரிந்துகொண்டிருந்தது.

மேலே கம்பிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. அந்த வெளிச்சத்தில் அவர் முகம் கொஞ்சம் நீலமாகத் தெரிந்தது. அவர் பயப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கற்களின் பக்கம் நடந்தார். வெளிச்சம் மங்கியது. கல்லை நெருங்க நெருங்க வெளுப்பு மெலிந்து, அணைந்தது. அப்படியே திரும்பி உள்ளே போனார். மறுபடி எரிந்தது. இன்னோரிடத்தில் வெளியே வந்தார். கல்லுக்கு மூன்றடி முன்னால் அணைந்தது. இன்னோரிடத்தில் கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம் எரிந்தது. அங்கே நின்றார்.

“இந்த எடத்துல மட்டும் கல்லைத் தப்பா வெச்சுப்போட்டனுங்க,” என்று சொல்லிக் காலால் அந்தக் கல்லைத் தள்ளி வைத்தார்.

ஒரு விஞ்ஞானி வேறு என்னதான் செய்வார்?

அப்போது பண்ணாடி முன்னால் போனார். வேகமாகப் போனார். அவர் கால் எதையும் யோசித்த மாதிரி தெரியவில்லை. “இங்க குடு, இங்க குடு பாக்கலாம்,” என்று நேராக அவரிடம் போய்க் கையை நீட்டினார். வழக்கமாக அந்த அக்காவிடமிருந்து அவர் ஒரு பொருளை வாங்க வேண்டுமென்றால் அது முதலில் தரையில் வைக்கப்படும். அவர் பிறகு எடுத்துக்கொள்வார். அன்றைக்கு அந்த அக்கா தரையில் வைக்கக் குனிவதற்குள் பண்ணாடி குழாயைப் பிடித்துவிட்டார். ஒரு முனையில் அவர் கை, மறுமுனையில் இவர் கை. இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் நடுங்கியது. ஒரு நிமிடம் இருக்கும், இருவரும் அப்படியே நின்றார்கள்.

“சாமீ,” என்றார் பண்ணாடி. யாரைச் சொன்னார் என்று தெரியாது. வயதான மனிதர் ஒருவரின் குரல் சிறுபிள்ளையின் குரலாக ஒலித்து நான் அதற்கு முன்பும் பின்பும் அறிந்ததில்லை.

அன்றைக்கு இரவு தங்காமல் கடைசிக்கு முந்தைய பஸ்ஸில் திரும்பினோம். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பல்லடம் தாண்டியது. பிறகு சொன்னார்: “முப்பது வருசமா காயில் கட்டறேன். உள்ள என்னமோ ஓடுதுன்னு தெரியும். எப்புடி இருக்கும்னு நெனைச்சுக்கூடப் பாத்ததில்ல. அந்தம்மா தோலுலயே படிச்சுப்போட்டாங்க கண்ணு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் வேலிக்கு எர்த் போட்டோம். நாலைந்து இடங்களில் குழி வெட்டி, இரும்புக் கம்பியை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, வேலிக் கம்பியோடு இணைத்தார் அப்பா. டெஸ்டர் எரியவில்லை. முதலில் தொட்டுப் பார்த்தது பண்ணாடிதான். மாடுகளுக்கு மட்டும் நம்பிக்கை வர ஒரு மாதம் ஆயிற்று என்று பிறகு சொன்னார்.

கற்களை அவர் எடுக்கச் சொல்லவில்லை. அடுத்த வருடம் அந்தக் காட்டோரம் புதிதாகக் கட்டுத்தரை போட நினைத்தபோது, அளவெடுக்க வந்த மேஸ்திரியிடம், “இருங்க, அவளை வரச்சொல்றேன். எதுவரைக்கும் போலாம்னு அவ சொல்லோணும்,” என்றாராம். அந்த அக்கா நடந்து காட்டிய இடத்துக்கு வெளியேதான் கட்டுத்தரை எழுந்தது. மாசமாக இருந்த பெண்ணுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்ததையும் அப்பாதான் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். அலுமினிய டம்ளர் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் அப்படியேதான் கவிழ்ந்திருந்ததாம்.

படக்கதையில் கடைசியாக விசைப்புலம் என்றே எழுதினேன். பதிப்பகத்தார் முகத்தைச் சுளித்தார். எண்ணிப் பாருங்கள், இதுவும் ஆறே எழுத்துதான் என்றேன். எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். எதனால் அந்தச் சொல்லை விட மனம் வரவில்லை என்று அவரிடம் விளக்கவில்லை. புலம் என்றால் வயல், நிலம். புலம் என்றால் கண்ணும் காதும் தோலும் அறிகிற அறிவு. அந்த இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து நின்றதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். புத்தகம் வெளிவந்த பிறகு இரண்டு வாசகர் கடிதங்கள் வந்தன. ஒருவர் அந்தச் சொல் புரியவில்லை என்று எழுதியிருந்தார். இன்னொருவர், பெருந்துறைக்காரர், தங்கள் வீட்டுப் பழைய டிவித் திரைக்கு முன்னால் கையைக் கொண்டுபோனால் மயிர் எழுந்து நிற்கிறதே, அதுவும் விசைப்புலம்தானா என்று கேட்டிருந்தார். ஆமாம், அதுவேதான், உங்கள் கண்டுபிடிப்புக்கு வாழ்த்துகள் என்று தபால் அட்டையில் பதில் எழுதினேன்.

பிறகு எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. கல்யாணமாயிற்று. தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் ஒரு நாள் பள்ளி விட்டு வரும் வழியில் பட்டறைக்குப் போனேன். நூல் மில் வைத்திருந்த ஒருவர் தன் மோட்டாரைப் பார்க்க வந்திருந்தார். அப்போதுதான் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்த செல்போன் ஒன்றை மேசைமேல் வைத்திருந்தார். பக்கத்தில் அப்பாவின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. திடீரென்று பாட்டுக்கு நடுவே ‘டுட்-டுடுட்-டுடுட்’ என்று ரேடியோ இரைந்தது. ஒரு நொடி கழித்து செல்போன் மணி அடித்தது.

அவர் பேசிவிட்டு வெளியே போன பிறகு, அப்பா எழுந்து வாசலுக்கு வந்தார். மாலை நேரம். டவுன் பஸ்கள், சைக்கிள்கள், மில் ஷிப்ட் முடிந்து நடந்து வருகிற பெண்கள். அவர் தன் கையைக் காற்றில் நீட்டி, விரல்களை விரித்து, எதையோ எடை பார்ப்பது மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் போனுக்கு வந்த பேச்சு இந்தக் கைக்குள்ள பூந்துதான் கண்ணு போயிருக்கும்,” என்றார். “இப்பவும் எத்தன பேரு பேச்சு போய்ட்டு இருக்குதோ. தெருவே நெறஞ்சு கெடக்குது பாரு.”

நான் அவர் பக்கத்தில் நின்று தெருவைப் பார்த்தேன். அப்படியே நின்றதில் அன்றைக்கு வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது.